பழைய பென்ஸ் விற்பனைக்கு: வாசகர் கேள்வி – பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளிலிருந்தும் பழைய சொகுசுக் கார்களைப் பற்றி வந்த கேள்விகளில், விற்பனை சம்பந்தப்பட்டவை மட்டும் இந்த இதழில்.

கே: 1996-ல் வாங்கிய மெர்சிடிஸ் இ220. ஒரே ஓனர், நல்ல கண்டிஷன். எஸ்டேட்டில்தான் நிற்கிறது. விற்பதற்கு முன் முழுசாகப் பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது லெதர் போட்டுவிடலாமா? – வாசகர், ஏற்காடு

ப: வேண்டாம். இந்த வயதுக் காரைத் தேடி மலையேறி வருகிறவர், புதுப் பளபளப்பைக் கண்டதும் முதலில் கேட்கும் கேள்வி "எங்கே அடிபட்டது?" என்பதுதான். ஃபேக்டரி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம். மேலே இன்னொரு கோட் ஏறினால் 200, 300 ஆகிவிடும். உள்ளே பட்டி வைத்திருந்தால் 500-ஐத் தாண்டும். இதை அளக்கும் சின்னக் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. கதவில் நாலு கீறலோடு இருக்கும் அசல் பெயிண்டுக்குத்தான் மதிப்பு. மங்கியிருந்தால் பாலிஷ் போடுங்கள், போதும். சீட்டும் அப்படியே. தையல் விட்ட இடத்தைத் தைத்து, பூசணம் பூத்திருந்தால் துடைத்து, லெதர் கண்டிஷனர் தடவி வெயிலில்லாத காற்றில் ஆற விடுங்கள்.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறு. இ220, டபிள்யூ124 வரிசையைச் சேர்ந்தது. 1995-ல் புனேயில், அன்றைய டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டாக, மெர்சிடிஸ் இந்தியாவில் பாகங்களைக் கோத்து இறக்கிய முதல் மாடல் இதுதான். இரும்பு உறுதியானது, ஆனால் வயரிங்கில் ஒரு பிறவிக்கோளாறு உண்டு. 90-களின் முதல் பாதியில் தயாரான மெர்சிடிஸ் பெட்ரோல் என்ஜின்களில் போட்ட ஒயர்களின் மேலுறை, என்ஜின் சூட்டில் காய்ந்து பொரிந்துபோகும் ரகம். உங்கள் கார் அந்தக் காலத்தின் விளிம்பில் நிற்பதால் பார்த்தே ஆக வேண்டும். என்ஜின் ஆறிய பிறகு, இன்ஜெக்டர் பக்கம் போகும் ஒயர்க் கட்டின் மேல்குழாயை ஓர் அங்குலம் விலக்கி, ஒரே ஒரு ஒயரை மெதுவாக வளையுங்கள். உறை ரப்பர் மாதிரி வளைந்தால் நல்லது. பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு தெரிந்தால், சூடேறியதும் என்ஜின் தடுமாறுவது, ஐடிலிங்கில் நின்றுபோவது எல்லாம் அதனால்தான். த்ராட்டில் பெட்டிக்குப் போகும் ஒயருக்கும் இதே கதி. புது ஹார்னஸ் (முழு ஒயர்க் கட்டு) வாங்கலாம். அல்லது பழைய கனெக்டர்களை வைத்துக்கொண்டு, சூடு தாங்கும் சிலிக்கோன் உறை ஒயரில் கை தேர்ந்த எலெக்ட்ரீஷியனை வைத்து மறுபடி கட்டலாம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் அந்த பில்லைத் தேடி எடுங்கள். விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்தது தண்ணீர். சில்வர் ஓக் நிழலில் நிற்கிற காரில், முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே உள்ள கறுப்புச் சல்லடைக்கு அடியில் இலை மக்கி, காப்பித்தூள் நிறத்தில் சேறாகப் படிந்திருக்கும். அதைக் கையால் அள்ளிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். முன்சக்கரங்களுக்குப் பின்னால் தரையில் ஒழுக வேண்டும். ஒழுகவில்லை என்றால் அது ப்ளோயர் மோட்டாருக்குள்ளும் காலடிக் கார்ப்பெட்டுக்குள்ளும் போகிறது. கார்ப்பெட் மேலே காய்ந்து தெரியும். அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துத் தரைத் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். எனவே ஓரத்தைத் தூக்கி, விரலை விட்டுப் பாருங்கள். சன்ரூஃப் இருந்தால் நாலு மூலையிலும் வடிகுழாய் இருக்கும். அதைப் புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை விட்டுக் குத்தி எடுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும். அதை மாட்ட கூரையின் உள்துணியையே இறக்க வேண்டி வரும்.

ஜாக் வைக்கும் இடங்களில் வட்டமான ரப்பர் மூடிகளைக் கழற்றி, சுற்றிலும் துரு உண்டா என்று பாருங்கள். ஒற்றை வைப்பர் இந்தக் காரின் அடையாளம். அதன் உள் கியரில் கிரீஸ் காய்ந்துபோயிருந்தால் பாதிக் கண்ணாடியில் நின்று முனகும். மலைப் பனியில் ஓட்டிப் பார்க்கிறவர் அதைத்தான் கவனிப்பார். டயர் அளவு 195/65 ஆர்15. பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2317 என்றால் 2017-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் தேயவே இல்லை என்றாலும் அந்த வயசு டயரில் மலை இறங்கச் சொல்லாதீர்கள்.

ஏ.சி. குளிரவில்லை என்றால் கேஸ் மட்டும் நிரப்பி விற்காதீர்கள். இந்த மாடலில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கசிவது வழக்கம். அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும், பொருளை விடக் கூலி அதிகம். நிரப்பிய கேஸ் சில வாரத்தில் இறங்கிவிடும், வாங்கியவர் போனில் பிடித்துக்கொள்வார். குறையைச் சொல்லி விலையில் குறைப்பதே சுளுவு. கிலோமீட்டர் காட்டும் மீட்டரும் இதில் பல் வழுக்கி நின்றுபோகும். நின்றிருந்தால் "மீட்டர் ஓடவில்லை, உண்மை ஓட்டம் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி" என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. காட்டுவதற்கு முந்தின நாள் என்ஜினைப் பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவாதீர்கள். பழைய ஒயரில் தண்ணீர் இறங்கினால் மறுநாள் காலை ஸ்டார்ட்டே ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும், கழுவின என்ஜின் என்றாலே ஆயில் லீக்கை மறைக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கே: ஆர்.சி. இந்த ஆண்டு முடிகிறது. புதுப்பித்துவிட்டு விற்பதா, வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதா? – வாசகர், அஸ்தம்பட்டி

ப: புதுப்பித்துவிட்டு விற்பதுதான் சரி. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு, அதன்பின் ஐந்து ஐந்து ஆண்டாக நீட்டிப்பு. படிவம் 25-ல் விண்ணப்பித்து, காரை வாகன ஆய்வாளரிடம் காட்டி, நீட்டிப்பு வாங்க வேண்டும். பசுமை வரியும் அப்போதே. 2025 ஆகஸ்ட் திருத்தப்படி 20 ஆண்டைத் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இறக்குமதிக் கார் என்றால் 80,000 ரூபாய். எட்டு மடங்கு வித்தியாசம்! அதனால் ஆர்.சி.யில் உங்கள் காரை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புனேயில் கோத்த இ220, இ250டி எல்லாம் இங்கே தயாரானவை. கணினியில் ஏற்றும்போது தவறுதலாக இறக்குமதி என்று பதிந்திருந்தால், முதல் விற்பனை பில்லைக் காட்டி முன்கூட்டியே திருத்தக் கேளுங்கள்.

ஆய்வுக்குப் போகும் முன் எல்லா விளக்கும் எரிகிறதா, ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா, மாசுச் சான்று, இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். சேசிஸ் எண் பானெட்டுக்குள், பின்பக்கத் தடுப்புத் தகட்டில் பொறித்திருக்கும். அழுக்கும் கிரீஸும் ஏறி எழுத்து மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. எழுத்து மழுங்கினால், யாரோ அழித்துப் பொறித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிடும். அப்புறம் விளக்கம் சொல்லி மாளாது.

கே: அப்பா காலமாகி இரண்டு ஆண்டு ஆகிறது. கார் இன்னும் அவர் பெயரில்தான். வாங்க வந்தவர் "ஃபார்மில் அப்பா கையெழுத்து மாதிரி போட்டுக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். – வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

ப: அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள் அம்மா. இறந்தவர் கையெழுத்தைப் போடுவது போலி ஆவணம். மாட்டினால் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்.

முறைப்படி, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். காலம் கடந்துவிட்டது; அதனால் வழி அடைபடவில்லை, தாமதத்துக்கான தொகை கேட்டால் கட்ட வேண்டியிருக்கும். இறப்புச் சான்று, வட்டாட்சியரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி, அசல் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். அண்ணனோ தங்கையோ வெளிநாட்டில் இருந்தால் அந்த உறுதிமொழிதான் நாளை இழுக்கும், முதலில் அதைக் கேட்டு வையுங்கள். ஆர்.சி.யில் பழைய வங்கிக் கடன் பதிவு நீங்காமல் இருந்தால் வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் சேர்த்துக் கொடுங்கள். கடனை 20 ஆண்டுக்கு முன்பே கட்டி முடித்திருந்தாலும் ஆர்.சி.யில் அந்த வரி அப்படியே கிடப்பது சகஜம்.

முதலில் உங்கள் பெயருக்கு, அதன்பிறகு விற்பனை.

கே: 1980-ம் ஆண்டு மெர்சிடிஸ் 230. முன்பு வைத்திருந்தவர் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு வேறொரு டீசல் என்ஜின் வைத்திருக்கிறார். நன்றாக ஓடுகிறது. ஆர்.சி.யில் பெட்ரோல்தான். விற்கலாமா? – வாசகர், ஆத்தூர்

ப: இன்றைய நிலையில் முறையாகப் பெயர் மாற்ற முடியாது. பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற வேண்டுமானால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். என்ஜின் எண்ணும் எரிபொருளும் பொருந்தாவிட்டால் ஆய்விலேயே நிற்கும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பிடித்துக்கொள்வதும் இதையே. 80-களிலும் 90-களிலும் பெட்ரோல் விலைக்குப் பயந்து இப்படி மாற்றின கார்கள் தமிழ்நாட்டில் ஏராளம், அவற்றின் விலை இறங்கியதற்கும் இதுதான் காரணம்.

டபிள்யூ123 வரிசைப் பெட்ரோல் என்ஜின் இன்னும் கிடைக்கிறது. பழைய ஒர்க்‌ஷாப் மூலையில் உங்கள் காரின் அசல் என்ஜினே கிடந்தாலும் ஆச்சரியமில்லை. முந்தைய ஓனரைக் கேளுங்கள். பிளாக்கில் உள்ள எண் ஆர்.சி.யோடு பொருந்தினால், ஓடாத நிலையில் இருந்தாலும் வாங்கிவிடுங்கள். அந்த என்ஜினோடு சேர்த்து விற்றால், ரெஸ்டோர் செய்ய நினைப்பவர் முழுக் காராகப் பார்ப்பார். கிடைக்கவில்லை என்றால் அனுமதி வாங்க முயன்று பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால், கதவு, கண்ணாடி, குரோம் பட்டை, டேஷ்போர்டு என்று பாகங்களாகப் பிரித்தால்தான் நாலு காசு பார்க்கலாம். மனசுக்குக் கஷ்டம்தான்.

கே: கான்டெஸ்ஸா கிளாசிக்குக்கு மதிப்பு உண்டா? – வாசகர், ஓமலூர்

ப: உண்டு, ஐந்து ஸ்பீடு கியரோடு வந்த 1.8 இசுசு பெட்ரோல் என்றால் கூடுதலாகவே. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2002-ல் இந்தக் காரை நிறுத்திவிட்டது. என்ஜின் பாகம் எப்படியாவது தேற்றிவிடலாம். பின்விளக்குக் கண்ணாடி, கதவுப் பட்டை, கிரில் போன்ற உடல் பாகங்கள்தான் கிடைப்பதில்லை. அவை உடையாமல் இருப்பதைப் போட்டோவில் நெருக்கமாகக் காட்டுங்கள். கார்புரேட்டரை மாற்றியிருந்தால் அசலைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்துக் கொடுங்கள்.

கே: என்னிடம் இருப்பது 1971 மெர்சிடிஸ் 200டி. 'விண்டேஜ்' பதிவு வாங்கினால் விலை கூடும் என்கிறார்களே? – வாசகர், அழகாபுரம், சேலம்

ப: விலை கூடுவதை விட, வாங்கக்கூடியவர் வட்டம் சுருங்கும் என்பதை யோசியுங்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிக உபயோகத்தில் இல்லாத, உடலும் சேசிஸும் என்ஜினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். படிவம் 20-ல் விண்ணப்பம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. செல்லுபடி 10 ஆண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிபவைக்கு நடுவில் 'விஏ' எழுத்து வரும்.

ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள், பராமரிப்பு என்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பி ஏற்காட்டு லேடீஸ் சீட் வரை போய்வர ஆசைப்படுகிறவருக்கு அது ஒத்துவராது. மறுபக்கம், உங்களுடையது இறக்குமதிக் கார். சாதாரணப் புதுப்பிப்பு என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 80,000. வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேரணிக்கு மட்டும் எடுக்கிற சேகரிப்பாளருக்கு விண்டேஜ் பதிவு லாபம். இந்த முடிவை வாங்குகிறவரிடம் விடுவதுதான் எங்கள் யோசனை. நடப்புப் பதிவு உயிரோடு இருந்தால் இரண்டு வழியும் அவருக்குத் திறந்திருக்கும். விண்டேஜ் பதிவுள்ள வண்டி கைமாறினால் விற்றவர், வாங்கியவர் இருவருமே 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: என்ன விலை சொல்வது? ஆன்லைனில் ஒரே மாடல் 4 லட்சத்துக்கும் இருக்கிறது, 14 லட்சத்துக்கும் இருக்கிறது. – வாசகர், ஏற்காடு

ப: அதெல்லாம் கேட்கிற விலை. மாதக்கணக்கில் விளம்பரம் அப்படியே நிற்கிறது என்றால் அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்று பொருள். அந்த மாடலையே பார்க்கும் மெக்கானிக் இருவரிடம், சமீபத்தில் எது எவ்வளவுக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். பிறகு, வாங்குகிறவர் முதல் ஆறு மாதத்தில் செய்தே ஆக வேண்டிய வேலைகளுக்கு எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி அதைக் கழியுங்கள். பேரம் பேசும்போது அந்தத் தாளை நீங்களே எடுத்துக் காட்டிவிட்டால், "அந்த வேலை இருக்கிறது, இந்த வேலை இருக்கிறது" என்று அவர் அடுக்க ஒன்றும் மிஞ்சாது.

விலையை ஏற்றும் சங்கதிகள்: முதல் விற்பனை பில், முத்திரையோடு சர்வீஸ் புத்தகம், இரண்டாவது சாவி, டூல் பை, ஜாக், கண்ணாடியில் ஒட்டிய பழைய டீலர் ஸ்டிக்கர், அசல் கேசட் ஸ்டீரியோ. இவற்றைப் பரணில் தேடுங்கள். டில்லி, சுற்றுவட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசலுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் கட்டுப்பாடு வந்தபின் அங்கிருந்து மலிவாகக் கிளம்பிய கார்கள் தெற்கே வந்து விலையைக் கெடுத்தன. முதல் நாளிலிருந்தே தமிழ்நாட்டுப் பதிவு, ஒரே ஓனர் என்றால் அதை விளம்பரத்தின் முதல் வரியில் போடுங்கள்.

கே: ஓட்டிப் பார்க்கக் கேட்கிறார்கள். மலையில் கொடுக்கலாமா? பணத்தை எப்படி வாங்குவது? – வாசகர், கோரிமேடு, சேலம்

ப: ஏறும்போது நீங்கள் ஓட்டுங்கள், சமதளத்தில் அவர் ஓட்டட்டும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. பழக்கமில்லாதவர் கையில் 30 வயது ஆட்டோமேட்டிக்கைக் கொடுத்து இறக்கத்தில் விட்டால், 'டி'யிலேயே வைத்துப் பிரேக்கை மிதித்தபடி வருவார். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருந்தால் சூட்டில் கொதித்து, பெடல் தரை வரை இறங்கிவிடும். விற்பனைக்கு முன் டாட் 4 ஆயிலை முழுவதும் மாற்றுவது சொற்பச் செலவுதான். இறங்கும்போது கியரை 3-லோ 2-லோ வைக்க வேண்டும். நிறையப் பேர் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும்தான் வைத்திருக்கிறீர்கள். இடித்தால் உங்கள் காரின் செலவு உங்களுடையது. ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகே சாவி.

ஏற்றம் உங்களுக்கும் சாதகம். வேகம் குறைந்த ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் 100-ஐத் தாண்டாமல் நின்றால் ரேடியேட்டர், ஃபேன் கப்ளிங் இரண்டும் நலம் என்று வாயால் சொல்லாமலே நிரூபித்தாயிற்று. வருகிறவரைக் காலையில் வரச் சொல்லுங்கள், அவர் வருவதற்குள் சூடேற்றி வைக்காதீர்கள். குளிர்ந்த என்ஜின் முதல் சாவியில் பிடிப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். வாரம் ஒருமுறை பத்துக் கிலோமீட்டராவது ஓட்டிக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும். நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஐடிலில் விட்டால் சைலன்ஸருக்குள் நீர் தேங்கித் துருவேறுவதுதான் மிச்சம். இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பதம் பார்க்கும். ஹோஸ்களில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பணம்: ரொக்கமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்காதீர்கள். வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கேட்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. வங்கி மூலம் முழுத்தொகை கணக்கில் ஏறியதை உங்கள் வங்கி ஆப்பில் நீங்களே பார்த்த பிறகு சாவி. அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது. "ராணுவத்தில் இருக்கிறேன், காரைப் பார்க்கவே வேண்டாம், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் செய்யுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

கே: புரோக்கர் ஒருவர் ஓப்பன் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடச் சொல்கிறார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். – வாசகர், ஐந்து ரோடு, சேலம்

ப: எல்லாரும் செய்வது உண்மைதான். வம்பு வருவதும் அங்கிருந்துதான். வாங்குகிறவர் பெயர் இல்லாத படிவம் 29, 30 (பெயர் மாற்றப் படிவங்கள்) நாலு கை மாறும். கடைசியாக யாரோ ஒருவர் இரவில் யாரையாவது இடித்தால், சம்மன் ஆர்.சி.யில் பெயர் உள்ள உங்களுக்கு வரும். விற்றுவிட்டேன் என்று சொன்னாலும், பதிவில் பெயர் இருக்கிறவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது.

படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, எல்லாவற்றிலும் வாங்குகிறவர் பெயர், முகவரி, தேதியை உங்கள் கண்முன்னே நிரப்பிய பிறகு கையெழுத்திடுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வெளிமாநிலம் என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்காமல் காரை ஏற்றிவிடாதீர்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் நடந்தது அவர் கணக்கு என்று ஆக. கூடவே அவருடைய அடையாள அட்டை நகல், மீட்டர் எண், ஒப்படைத்த சாவிகள், சொல்லிக் கொடுத்த குறைகள்.

நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) காரோடு போகாது, அது உங்களுடையது. கம்பெனியிடம் சான்று வாங்கினால் மூன்று ஆண்டுக்குள் வேறு காருக்குப் பயன்படுத்தலாம். புரோக்கர் கமிஷன், பெயர் மாறி அரசின் 'வாகன்' தளத்தில் புதுப் பெயர் தெரிந்த பிறகு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அதற்குச் சம்மதிக்காத புரோக்கர் வேண்டாம்.